தாளின் முன் நிற்பதற்கான தகுதி

ஒருவர் பள்ளியில் ஓவியம் கற்பிக்கத் தகுதியானவர் என்று அரசு எழுத்துமூலம் அறிவிக்கும்போது, அந்த அறிவிப்பு உண்மையில் எதற்குச் சான்று கூறுகிறது என்ற கேள்விக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. கணக்கு ஆசிரியரைப் பற்றியோ வேதியியல் ஆசிரியரைப் பற்றியோ இக்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. அவர் கற்பிக்க வேண்டிய பொருள் பாடநூலில், எல்லோரும் ஒப்புக்கொண்ட வரிசையில் இருக்கிறது, அதை அவர் அறிந்திருக்கிறாரா என்று சோதித்துவிடவும் முடியும். ஓவிய வகுப்பிலோ கற்பித்தலின் பெரும்பகுதி, வரைந்துகொண்டிருக்கும் குழந்தையின் தாளுக்கு முன் ஆசிரியர் வந்து நிற்கும் சில நொடிகளில் நடந்து முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விருப்பமானதை வரையச் சொன்னால் பெரும்பாலான தாள்களில் ஒரே காட்சிதான் தோன்றும்: இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே கதிர் விரிக்கும் பாதிச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு கூரைவீடு, பக்கத்தில் ஒரு தென்னை. மலையையே கண்டிராத தஞ்சைச் சமவெளிக் குழந்தையும் சூரியன் மலையிடுக்கில் எழுவதாகவே வரைகிறது. அமெரிக்கக் குழந்தையின் தாளில் இதே இடத்தில் சதுர வீடும் முக்கோணக் கூரையும் தாளின் மூலையில் ஒட்டிக்கொண்ட கால்வட்டச் சூரியனும் வானவில்லும் இருக்கும். இந்தத் தாளின் முன் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? நன்றாக இருக்கிறது என்று சொல்லி நகர்ந்தால் குழந்தை அதே மலையைப் பத்தாம் வகுப்புவரை வரையும். பிறரைப் பார்த்து வரைந்தது என்று கடிந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடக்கூடும். பென்சிலை வாங்கி ஆசிரியரே ஒரு மரத்தைச் சரியாக வரைந்து காட்டினால், அதற்குப்பின் அந்தத் தாள் குழந்தையுடையதாக இருப்பதில்லை. உன் வீட்டு வாசலில் நின்றால் என்னென்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, விடைக்காகக் காத்திருக்கத் தெரிந்தவரையே ஓவிய ஆசிரியர் என்று சொல்ல முடியும். அந்தக் கேள்வியை எப்போது கேட்பது, எந்தக் குழந்தையிடம் கேட்காமல் விட்டுவிடுவது என்ற முடிவை எடுக்கும் திறனுக்கு, ஓவிய ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முறைகளின் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான வரலாற்றில் உரிய இடம் கிடைத்ததே இல்லை என்பதுதான் இங்கு விடாமல் உறுத்தும் செய்தி.

அந்த வரலாற்றின் தொடக்கத்தில் குழந்தை இல்லை, தொழிற்சாலை இருக்கிறது. பிரிட்டனின் துணிகளும் மட்பாண்டங்களும் வடிவமைப்பில் பிரெஞ்சுப் பொருட்களிடம் தோற்கின்றன என்ற வணிகக் கவலையிலிருந்துதான் 1837இல் லண்டனில் அரசின் வடிவமைப்புப் பள்ளி தோன்றியது. 1850களில் ஹென்றி கோல் அதை ஒரு பெரும் அரசுத் துறையாக விரித்தபோது, ரிச்சர்ட் ரெட்கிரேவ் என்ற ஓவியர் 23 படிநிலைகள் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார். நேர்க்கோட்டில் தொடங்கி, தட்டைப் படத்தைப் பார்த்துப் புறக்கோட்டை வரைதல், முப்பரிமாணப் பொருளைப் பார்த்து வரைதல், நிழலிடுதல் என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஒரு படியைக் கடந்த பின்பே அடுத்ததைத் தொடலாம் என்பது அதன் விதி. லண்டனில் அது நடத்தப்பட்ட பகுதியின் பெயரால் சவுத் கென்சிங்டன் முறை என்று அது அறியப்பட்டது. மாணவருக்கு வகுத்த இதே ஏணிதான் ஆசிரியருக்கான அளவுகோலாகவும் ஆனது; எத்தனை படிகளைத் தேர்வெழுதிக் கடந்தார் என்பதைப் பொறுத்தே அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது, அவருடைய மாணவர்களின் தேர்வு முடிவைப் பொறுத்து ஊதியத்தில் ஒரு பகுதி அமைந்தது. ஓவிய ஆசிரியர் என்ற பணி, அதற்கான பயிற்சி, அரசுச் சான்றிதழ் ஆகிய மூன்றும் ஒன்றாகப் பிறந்த இடம் இதுதான். அங்கே சான்றளிக்கப்பட்டது கையின் பிழையின்மை.

அந்தக் கை கடல் கடந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் துணி ஆலை முதலாளிகளும் பிற தொழிலதிபர்களும் இதே வணிகக் கவலையோடு சட்டமன்றத்துக்கு மனு அளிக்க, 1870இல் அம்மாநிலம் பொதுப்பள்ளிகளில் ஓவியத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்கள், பதினைந்து வயதைத் தாண்டியோருக்குத் தொழில்சார் வரைதலை இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்றும் விதித்தது. சட்டம் வந்துவிட்டது, கற்பிக்க ஆளில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் கலைப்பள்ளியில் தலைமை வகித்திருந்த வால்டர் ஸ்மித் 1871இல் பாஸ்டனுக்கு வரவழைக்கப்பட்டார். 1873இல் மாசசூசெட்ஸ் நார்மல் ஆர்ட் ஸ்கூல் தொடங்கப்பட்டது. நார்மல் ஸ்கூல் என்றால் அக்காலத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்று பொருள்; ஓவியரை உருவாக்குவது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை, ஓவிய ஆசிரியரை உருவாக்குவதற்காகவே ஒரு மாநிலம் தன் பணத்தில் நடத்திய கல்லூரி அது, இன்றும் வேறு பெயரில் இயங்கிவருகிறது. ஓவியம் என்பது சிலருக்கு மட்டும் வாய்க்கும் வரம் என்ற எண்ணத்தை ஸ்மித் ஏற்கவில்லை. எழுதக் கற்கும் குழந்தை வரையவும் கற்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கும் பென்சில் உரியது என்ற அந்த நம்பிக்கையில் இருக்கும் சனநாயகத்தை, அவர் முறையின் வறட்சியைக் குறைசொல்லும் எவரும் மறந்துவிடக்கூடாது. வறட்சியும் மெய்யானதுதான். கரும்பலகையில் ஆசிரியர் இடும் கோட்டை, வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் தாளில் இட்டது. அறுபது தாள்களும் ஒன்றுபோல் இருந்தால் அன்றைய பாடம் வெற்றி.

இதே ஏணியின் இன்னொரு கிளை சென்னையில் ஊன்றப்பட்டது. அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி சில ஆண்டுகளில் அரசின் கைக்கு வந்தது. சவுத் கென்சிங்டனில் பயின்ற ஈ.பி. ஹாவெல் 1884இல் அதன் பொறுப்பேற்க வந்தார். பின்னாளில் ஐரோப்பியப் படிமங்களைப் பார்த்து வரையும் பழக்கத்தை எதிர்த்து இந்தியக் கலைமரபுக்காக வாதாடியவர் அவரே என்றாலும், பள்ளி ஓவியத்துக்கென அரசு நடத்திய தேர்வுகளின் எலும்புக்கூடு மாறவில்லை. தமிழ்நாட்டில் ஓவிய ஆசிரியராக விரும்பிய பல தலைமுறையினர் எழுதிய அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் தாள்களே இதற்குச் சாட்சி. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று ஆங்கிலப் பெயராலேயே அவை இன்றும் தேர்வர்கள் நாவில் வழங்குகின்றன. முன்னது, கருவியின் துணையின்றிக் கையால் புறக்கோட்டை வரைவது: தாளின் நடுவே செங்குத்துக் கோடிட்டு, இடப்பக்கத்து வளைவை வலப்பக்கத்து வளைவு மயிரிழையும் பிசகாமல் ஒத்திருக்கச் செய்ய வேண்டும். பின்னது, முன்னே வைக்கப்பட்ட கூம்பு, உருளை, கனசதுரம், குடம் போன்றவற்றை இருக்கையிலிருந்து தெரியும் கோணத்தில் வரைவது. கீழ்நிலை, மேல்நிலை என்ற இரண்டு படிகளையும் கடப்பதற்காக, ஊர்களில் ஓவியர் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ சிறிய பயிற்சி நிலையத்திலோ மாதக்கணக்கில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கையைப் பழக்கியவர்கள் ஏராளம். குடத்தின் வாய்வட்டம் கண்மட்டத்துக்குக் கீழே வரும்போது எப்படி நீள்வட்டமாகிறது என்பதைக் கை உணரும் நாள், எந்த மனிதருக்கும் பார்வை சற்று மாறிவிடும் நாள்தான். இந்தப் பயிற்சியை இழிவாகப் பேசுவது தவறு. அது கற்பித்தல் பற்றிய பயிற்சி என்று எண்ணியதுதான் நீடித்த பிழை.

கை தேர்ந்தவரும் அந்த ஏணியோடு முரண்பட்டதுண்டு. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1912 முதல் 1914 வரை டெக்சஸின் அமரில்லோ நகரப் பள்ளிகளில் ஓவியம் கற்பித்தபோது, பிராங் நிறுவனத்தின் வரைதல் புத்தகங்களை மாணவர் வாங்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இணங்க மறுத்தார். அந்த நிறுவனம்தான் முன்பு வால்டர் ஸ்மித்தின் புத்தகங்களை நாடெங்கும் பரப்பியது. அச்சிட்ட படத்தைப் பார்த்து வரைவதைவிட, சமவெளியில் மாணவர் தம் கண்ணால் காணும் பொருட்களிலிருந்து தொடங்குவதே முறை என்று அவர் கருதினார். ஆனால் அவரே 1916இல் அதே மாநிலத்தின் கேன்யன் ஊரில் உள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியேற்பதற்கு முன், நியூயார்க்கின் டீச்சர்ஸ் காலேஜில் ஆர்தர் வெஸ்லி டவ் நடத்திய கற்பித்தல் முறைப் பாடத்தை முடித்து வர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அவர் இணங்கினார். இதில் ஓவியரின் சுதந்திரத்தை அதிகாரம் நெருக்கியதாக மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் காண்பார். ஒரு பொருளைப் பிரதியெடுக்கும் வேலையிலிருந்து தாளின் வெளியைக் கோடாலும் ஒளி இருளாலும் நிறத்தாலும் நிரப்பி அமைக்கும் வேலைக்கு மாணவரைத் திருப்பியவர் டவ். அவரிடம் கற்றது தம் ஓவியத்துக்கே அடித்தளமானது என்பதை ஓ'கீஃப் மறைத்ததில்லை. கற்பிப்பதற்கான பயிற்சி, அதை நடத்துபவர் யார் என்பதைப் பொறுத்து, ஓவியரையும் ஆழப்படுத்தும். நிபந்தனையாக வந்ததாலேயே அது தீங்காகிவிடாது.

குழந்தை இந்த வரலாற்றுக்குள் நுழைந்தது வியன்னா வழியாக. அந்நகரில் பார்வையற்ற குழந்தைகளோடு களிமண்ணில் வேலை செய்து பழகிய விக்டர் லோவன்ஃபெல்ட், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்று, முதலில் வர்ஜீனியாவில் கறுப்பின மாணவர் பயின்ற ஹாம்ப்டன் நிறுவனத்திலும் பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1947இல் வெளிவந்த அவருடைய நூல் குழந்தை வரைதலின் வளர்ச்சிநிலைகளைக் கிறுக்கல் பருவத்திலிருந்து விடலைப் பருவம்வரை வகுத்துக் காட்டியது. ஏழு முதல் ஒன்பது வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு தோன்றி எல்லாப் பொருட்களும் அதன்மேல் நிற்கத் தொடங்குவதும், ஒன்பதுக்குப் பிறகு தன் படம் உண்மையைப் போல் இல்லை என்று குழந்தையே வெட்கப்படத் தொடங்குவதும் அதில் விளக்கப்பட்டன. கை பெரிதாகவும் தலை சிறிதாகவும் வரையப்பட்ட உருவத்தைப் பிழை என்று திருத்தும் ஆசிரியர், குழந்தை தன் உடலால் உணர்ந்த முக்கியத்துவத்தை அழித்துவிடுகிறார் என்று அவர் எச்சரித்தார். இதே காலத்தை ஒட்டி, சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத் 1944இல், கைத்தொழில் வழியே கற்பித்த சேவாகிராம் பள்ளியில் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்து, நூல் நூற்கும் கையும் வரையும் கையும் வேறல்ல என்ற நிலையிலிருந்து குழந்தைகளின் வரைதலை ஆண்டுக்கணக்கில் கவனித்துப் பதிவுசெய்தார். இவர்களுக்குப் பின், ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியது கோட்டை மட்டும் அல்ல, கோட்டுக்குப் பின்னிருக்கும் வயதையும் மனத்தையும் என்று கொள்கையளவில் எல்லோரும் ஒப்புக்கொண்டனர். எனினும் அந்த அறிவு பயிற்சிக் கல்லூரிகளில் எவ்வாறு இறங்கியது என்று பார்த்தால், வளர்ச்சிநிலைகளின் பெயரும் வயதும் அட்டவணையாகி, மனப்பாடம் செய்து தேர்வில் எழுதும் இன்னொரு பாடமாகிவிட்டது. குழந்தையைப் பார்க்கக் கற்பித்த நூலைக் குழந்தையைப் பார்க்காமலே படித்துவிட முடிகிறது.

இன்றைய அமெரிக்காவில் இந்தப் பாதை முன்னெப்போதையும்விட நீண்டும் செறிந்தும் இருக்கிறது. நுண்கலையில் இளங்கலைப் பட்டம் பெற்றவர், கற்பித்தலில் முதுகலை என்ற பட்டமேற்படிப்பில் சேர்ந்து, கல்வி உளவியல், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான கல்வி, பாடத்திட்ட அமைப்பு ஆகியவற்றைப் பயின்று, தொடக்கப்பள்ளியிலும் மேனிலைப்பள்ளியிலும் அனுபவமிக்க ஓவிய ஆசிரியர் ஒருவரின் கீழ் வகுப்பெடுத்துப் பழகுகிறார். மாசசூசெட்ஸில் இந்தப் பயிற்சிக்கு 300 மணிநேரம் வேண்டும். இதற்கு மேல் மாநிலத்தின் உரிமத் தேர்வு. பல மாநிலங்கள் ஏற்கும் பிராக்ஸிஸ் ஓவியத் தேர்வுகளுள் ஒன்று, 120 கேள்விகளுக்குத் தரப்பட்ட விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்க இரண்டு மணிநேரம் அளிக்கிறது. அச்சுக்கலையின் வகைகள், உலகக் கலைவரலாறு, பொருட்களைப் பாதுகாப்பாகக் கையாளுதல் என்று அதன் பரப்பு விரிகிறது. இந்தக் கடைசிப் பகுதியை நினைக்கும்போது உரிமம் என்ற ஏற்பாட்டின் மீதுள்ள ஐயம் சற்றுப் பின்வாங்குகிறது. உலர்ந்த களிமண் தூசியில் சிலிகா இருக்கிறது, அதை வாரியலால் பெருக்கினால் குழந்தைகளின் நுரையீரலுக்குள் போகும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். ஈயம் கலந்த மெருகுப்பூச்சைப் பூசிய குவளையில் எவரும் பால் குடிக்கக்கூடாது. சூளை ஆயிரம் பாகை செல்சியசைக் கடக்கும்போது அருகில் எவர் நிற்கலாம் என்பது விருப்பத்துக்கு விடப்படும் செய்தி அல்ல. இவற்றை அறியாத ஒருவரை, அவர் எவ்வளவு பெரிய கலைஞராயினும், முப்பது குழந்தைகளோடு ஓர் அறையில் விட அரசுக்கு உரிமையில்லை. தேர்வால் அறியத்தக்கதைத் தேர்வு அறியட்டும். தேர்வால் அறிய முடியாததையும் அறிந்துவிட்டதாக அது சொல்லிக்கொள்ளும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தச் சிக்கலை அமெரிக்கர்களே உணர்ந்து, விடைத் தேர்வுக்கு மாற்றாக, வகுப்பறைச் செயலையே மதிப்பிடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு, பியர்சன் நிறுவனத்தால் நடத்தப்பட்ட எட்-டிபிஏ என்ற அம்மதிப்பீட்டில், பயிற்சி ஆசிரியர் தாம் எடுத்த சில பாடங்களின் திட்டத்தையும், கற்பிக்கும் காட்சியின் காணொளித் துணுக்கையும், மாணவர் படைப்புகளின் மாதிரிகளையும், இவை அனைத்தையும் விளக்கும் நீண்ட எழுத்துரைகளையும் அனுப்ப வேண்டும். வகுப்பை நேரில் காணாத மதிப்பீட்டாளர் பதினைந்து அளவுகோல்களில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகளுள் ஒன்றை இடுவார். கட்டணம் 300 டாலர். நோக்கம் மேலானது, ஆசிரியப் பணியைச் செய்துகாட்டியே நிரூபிக்க வேண்டும் என்ற நேர்மை அதில் இருந்தது. ஆயினும் நடந்ததை உற்றுநோக்கினால், கையின் பிழையின்மை இருந்த இடத்தில் விளக்கவுரையின் பிழையின்மை வந்து அமர்ந்திருப்பது தெரிகிறது. குழந்தையின் தாள் முன் ஆசிரியர் பேசாமல் நின்ற நொடி காணொளியில் வெற்று நொடியாகவே பதிவாகும். அந்த மௌனம் ஏன் என்று பக்கக்கணக்கில் எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பெண் கிடைக்கும், காரணத்தைச் சொல்லாக்கத் தெரியாமல் சரியாக மௌனம் காத்தவருக்குக் கிடைக்காது. பொருளும் நிறமும் பேசும் ஒரு துறையில் நுழைபவரை, சொல்லால் மட்டுமே எடைபோட்ட முறை அது. அதே ஸ்டான்ஃபோர்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய எலியட் ஐஸ்னர், தாமே ஓவியம் பயின்று சிகாகோவில் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்தவர், கற்பித்தலை மதிப்பிடும் செயல் நுகர்ந்து தேர்ந்த சுவைஞர் ஒருவர் கலைப்படைப்பை அறியும் செயலை ஒத்தது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். நுட்பங்களைப் பிரித்தறியும் கண்ணும், கண்டதைப் பிறருக்குப் புலப்படுத்தும் எழுத்தும் கூடிய திறனாய்வாக அது அமைய வேண்டும் என்பது அவர் நிலை. அவர் கருத்து நூலகங்களில் மதிக்கப்பட்டது, உரிமம் வழங்கும் அலுவலகங்களுக்குள் செல்லவில்லை. 2020 முதல் 2022 வரையான ஆண்டுகளில் ஜார்ஜியா, வாஷிங்டன், நியூயார்க் ஆகிய மாநிலங்கள் எட்-டிபிஏ நிபந்தனையைக் கைவிட்டன.

இங்கே மறுதலையான ஓர் ஐயத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. தேர்ந்த கண்ணுடையவர் ஒருவரின் தீர்ப்பை நம்பலாம் என்று சொல்வது எளிது. அந்தக் கண் யாரை விரும்பிப் பார்க்கும், யாரைப் பார்க்காமல் கடந்து செல்லும் என்ற கேள்வி, சாதியும் செல்வாக்கும் பரிந்துரைக் கடிதங்களும் ஆளும் சமூகத்தில் கற்பனையான அச்சம் அல்ல. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி சென்றவருக்கு, பெயர் தெரியாத ஒருவர் திருத்தும் தேர்வுத்தாளே பல நேரங்களில் நியாயத்தின் ஒரே வாசலாக இருந்திருக்கிறது. நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்திருந்த அந்தக் குடத்துக்கு மதிப்பெண் இட்டவர், அதை வரைந்தவரின் ஊரையோ தெருவையோ கேட்கவில்லை. ஆகவே தேர்வைத் தூக்கியெறிந்துவிட்டு குரு ஒருவரின் மனநிறைவை உரிமமாகக் கொள்ளலாம் என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல. குருவும் தம் கையின் பழக்கங்களை, குறைகளோடு சேர்த்தே, மாணவருக்குக் கடத்துவார்; பென்சிலை வாங்கித் திருத்தும் ஆசிரியரின் கீழ்ப் பயின்றவர் தாமும் பென்சிலை வாங்கித் திருத்துவார். ஆனால் இந்த ஐயம் எடுத்துரைப்பது தேர்வின் எல்லையையும் ஒற்றை மனிதரின் எல்லையையும்தான். உடனிருந்து பயிலும் காலத்தின் தேவையை அது குறைப்பதில்லை. பல பள்ளிகளில், பல ஆசிரியர்களின் கீழ், ஒரே குழந்தைகளின் தாள்களை ஆண்டின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் பார்க்கும் வாய்ப்பு ஒருவருக்குக் கிட்டுமானால், அவருடைய கண் திருந்துவதற்கு இடமுண்டு. ஒரு குழந்தையின் தாளை ஒருமுறை பார்ப்பவர் காண்பது ஒரு படத்தை. இருபது முறை பார்ப்பவர் காண்பது ஒரு போக்கை. மலையை வரைந்துகொண்டிருந்த கை எந்த வாரத்தில் மலையை விட்டு வீதியின் குடிநீர்க் குழாயையும் அங்கே வரிசையில் நிற்கும் குடங்களையும் வரையத் தொடங்கியது, அதற்கு முந்தைய வாரம் வகுப்பில் என்ன நடந்தது என்று இணைத்துப் பார்ப்பதே இத்துறையின் மெய்யான கல்வி. அதற்கு நீண்ட காலம் வேண்டும் என்பதைத் தவிர வேறு நுட்பமான நிபந்தனை எதுவும் இல்லை.

அந்தக் காலத்தைத்தான் தமிழ்நாடு தன் ஓவிய ஆசிரியர்களுக்குத் தந்ததில்லை. பயிற்சி என்ற பெயரில் நெடுங்காலமாக வழங்கிவந்தது, கோடை விடுமுறையில் 42 நாட்கள் நடத்தப்படும் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி. கோடை விடுமுறையில் பள்ளியில் குழந்தைகள் இருப்பதில்லை என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகள் ஆற்றல்மிக்க ஓவியர்களையும் சிற்பிகளையும் உருவாக்கியிருக்கின்றன. ராய் சௌத்ரி, பணிக்கர் போன்றோர் தலைமை வகித்த சென்னைக் கல்லூரியின் பெருமை நாடறிந்தது. எனினும் அங்கே பயின்ற ஒருவர் பள்ளிக்கு வந்தால், எட்டு வயதுக் குழந்தை ஏன் வீட்டின் உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் தெரியுமாறு வரைகிறது என்று அவருக்குச் சொல்லித்தர ஓராண்டுப் படிப்போ, அவரோடு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கும் மூத்த ஆசிரியரோ இல்லை. பணியில் சேர்ந்த பின் அவர் நேரம் ஆண்டுவிழாப் பதாகையிலும் சுவரில் தலைவர்களின் உருவங்களிலும் அறிவியல் கண்காட்சி அட்டைகளிலும் கரைகிறது. தேர்வு நெருங்கினால் அவருடைய பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. ஓவியம் தெரிந்த ஒருவர் பள்ளிக்குக் கிடைத்தார், குழந்தைகளுக்கு ஓவிய ஆசிரியர் கிடைக்கவில்லை.

இதற்கு ஆசிரியர்களைக் குறைசொல்ல இடமில்லை, சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பத்தாம் வகுப்புவரை கலைக்கல்வி கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்கு மட்டும், கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று விதித்தது. வளர்ச்சிநிலைகளுள் மிக முக்கியமானவை நிகழும் தொடக்க வகுப்புகளுக்கு அந்த அட்டவணையில் ஓவியம் கற்பிப்பவர் எவரும் இல்லை. இந்த விதியை ஒட்டியே 2012இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாட்கள் என்ற கணக்கில் அமர்த்தப்பட்டனர். அந்த ஊதியத்தில் குடும்பம் நடத்த முடியாமல், மீதி நேரத்தில் பெயர்ப்பலகை எழுதியும் கடைகளில் வேலை பார்த்தும் பள்ளிக்கு வந்துபோனவர்களிடம், குழந்தையின் வரைதலை ஆண்டு முழுவதும் தொடர்ந்து கவனியுங்கள் என்று கேட்க எந்தக் கல்வியாளருக்கும் நெஞ்சுரம் இருக்கக்கூடாது. அமெரிக்காவின் 300 மணிநேரத்தையோ பட்டமேற்படிப்பையோ அப்படியே இங்கே இறக்குமதி செய்வதால் இது தீரப்போவதில்லை. கடன் வாங்கிப் படித்து, கட்டணம் கட்டித் தேர்வெழுதி, பிறகு பகுதிநேரப் பணிக்குக் காத்திருக்கும் இன்னொரு வரிசையைத்தான் அது உருவாக்கும்.

ஆகவே பயிற்சியைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் பணியைப் பற்றிப் பேச வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை திருத்தப்பட்டு, தொடக்கப்பள்ளி உட்பட ஒவ்வொரு பள்ளிக்கும், அல்லது அருகருகே உள்ள சில சிறு பள்ளிகளுக்குச் சேர்த்தேனும், முழுநேர ஓவிய ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்பட வேண்டும்; அந்தப் பணியில் சேர்பவருக்கு முதல் ஆண்டு முழுவதும், பள்ளி நடக்கும் நாட்களில், ஊதியத்தோடு, மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பயிற்சி அளிக்கப்பட வேண்டும்; இன்று பகுதிநேரமாக இருப்பவர்களே அதில் முதலில் சேர்க்கப்பட வேண்டும். இவை நடக்கும்வரை எத்தனை தேர்வுகளைக் கூட்டினாலும், வாரத்தில் மூன்று அரைநாட்கள் மட்டும் வந்துபோக அனுமதிக்கப்பட்ட ஒருவருக்குத் தம் வகுப்புக் குழந்தைகள் எல்லோருடைய பெயரையும்கூட அறிந்துகொள்ள வழியில்லை.